தத்துவம் படிக்கத் தொடங்குபவருக்கு: அளவையிலிருந்து ஆரம்பியுங்கள்

மயிலாடுதுறையில் பி.காம். முடித்துவிட்டு வேலைக்குப் போகும் ஒருவர் கேட்டிருக்கிறார்: தத்துவம் என்றால் என்ன, அதன் முக்கியக் கிளைகள் எவை, சைவ சித்தாந்தம் போன்ற நம்மூர்ச் சரக்கு அவற்றில் எங்கே வரும், எதிலிருந்து படிக்கத் தொடங்குவது? மெட்டாபிசிக்ஸ், எபிஸ்டமாலஜி, எதிக்ஸ், லாஜிக், ஏஸ்தெடிக்ஸ் என ஐந்து பெயர்களும் ஐந்து வரையறைகளும் மனப்பாடமாகிவிட்டன, ஆனால் குழப்பம்தான் கூடியது என்றும் சொல்கிறார். கூடத்தான் செய்யும். கேள்வி கையில் இல்லாமல் கிளையின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே கேள்வியிலிருந்து வருவோம். கும்பகோணம் பக்கத்துத் திருக்கோடிக்காவல் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 10-ம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி பழைய கோயிலைக் கற்றளியாக (கற்கோயிலாக) எடுப்பித்தபோது, அங்கே இருந்த பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தார். “இதுவும் ஒரு பழங்கற்படி” என்ற குறிப்போடு அவை இன்றும் இருக்கின்றன. இப்போது கேளுங்கள். கோயில் எப்போது கட்டப்பட்டது? கல்வெட்டைப் படித்தால் தீர்ந்தது. எவ்வளவு உயரம்? அளந்தால் தெரிந்துவிடும். பழைய கோயிலும் கற்றளியும் ஒரே கோயில்தானா? இங்கே அளப்பதற்கு எதுவும் இல்லை. இதைப் பற்றி வாதாடும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள்; என்ன நடந்தது என்பதில் அவர்களுக்குத் துளியும் கருத்து வேறுபாடு இல்லை. தகவல் எல்லாம் மேஜை மேல் இருக்கிறது. ஆனாலும் ஒருவர் ஆம் என்பார், மற்றவர் இல்லை என்பார்.

தகவல் முழுதும் வந்த பிறகும் தீராமல் நிற்கிற கேள்வி, ஆனால் காரணம் காட்டி விவாதிக்கக்கூடிய கேள்வி. இதுதான் தத்துவத்தின் எல்லை. இரண்டாவது நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். காபி பிடிக்குமா டீ பிடிக்குமா என்பதும் தகவலால் தீராதுதான். அதற்குக் காரணம் கேட்பாரில்லை.

அதே சுவரின் முன் நின்றே மற்ற கிளைகளையும் பார்த்துவிடலாம். ‘ஒரே கோயில்தானா’ என்பது இருப்பதைப் பற்றிய கேள்வி, மெட்டாபிசிக்ஸ். மூலக் கல் இல்லாதபோது படியை எந்த அளவுக்கு நம்புவது என்பது அறிவதைப் பற்றியது, அறிவாராய்ச்சி (எபிஸ்டமாலஜி). பழைய கோயிலுக்கு எழுதிவைத்த நிலம் புதுக் கோயிலுக்குச் சேர்வது நியாயமா என்பது அறவியல் (எதிக்ஸ்), அரசியல் தத்துவம் இரண்டின் வாசலிலும் நிற்கிறது. கற்றளி அழகு என்று நான் சொன்னால் அது என் ரசனை மட்டும்தானா என்பது அழகியல் (ஏஸ்தெடிக்ஸ்). இவற்றில் எதற்கு யார் பதில் சொன்னாலும், சொன்ன காரணத்திலிருந்து அந்த முடிவு உண்மையில் வருகிறதா என்று பார்ப்பது அளவையியல், அதாவது லாஜிக். கிளைகள் தனித்தனி அறைகள் அல்ல. ஒரே விஷயத்தைப் பற்றி எழும் வெவ்வேறு வகைக் கேள்விகள்.

என் கட்சி இதுதான்: தொடங்குபவர் கடவுள், ஆன்மா, பிரபஞ்சம் என்று பெரிய இடத்தில் கை வைக்கக்கூடாது. அளவையிலிருந்து தொடங்க வேண்டும். நம் பழைய நூல்களின் முறையும் அதுதான். சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில் தன் கட்சியைச் சொல்லும் பகுதியான சுபக்கத்தைப் பதியிலிருந்தோ (இறைவன்) பசுவிலிருந்தோ (உயிர்) தொடங்கவில்லை. எதைக் கொண்டு அறிகிறோம் என்ற அளவையிலிருந்தே (அறியும் வழிகளுக்கும் அதே சொல்தான்) தொடங்குகிறார்.

அளவையியலுக்குத் தமிழில் கிடைக்கும் நல்ல பழைய பாடம் மணிமேகலையின் 29-வது காதை. பாதிப் பேர் அதைக் காப்பியத்தில் வந்து மாட்டிக்கொண்ட பாடப்புத்தகம் என்று தாண்டிப் போகிறார்கள். புகாரில் தொடங்கிய கதை காஞ்சிக்கு வந்த பிறகு, பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு வாதத்தின் உறுப்புகளைச் சொல்கிறார்: பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடிவு). எடுத்துக்காட்டு பழையதுதான். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது (பக்கம்). ஏனென்றால் புகை இருக்கிறது (ஏது). அடுக்களையைப் போல (திட்டாந்தம்). இந்த மலையும் புகை உடையது (உபநயம்). ஆகவே நெருப்பு உடையது (நிகமனம்). நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இல்லை, புனலைப் போல என்று மறுபக்க எடுத்துக்காட்டும் வருகிறது. பௌத்தர்கள் முதல் மூன்று உறுப்புகளே போதும் என்பார்கள். நியாயம் என்ற தர்க்க மரபின் நூலார் ஐந்தும் வேண்டும் என்பார்கள். தொடங்குபவருக்கு மூன்று போதும்.

இதில் முழு பாரமும் ஏதுவின் மேல்தான். ஏது கெட்டுப்போகும் வழிகளை அந்தக் காதை மூன்றாக வகுக்கிறது: அசித்தம், அநைகாந்திகம், விருத்தம். நூலின் உதாரணங்கள் ஒலி நிலையானதா இல்லையா என்பதைச் சுற்றியே வருவதால் இன்றைய வாசகருக்கு ஒட்டாது. தஞ்சாவூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கிற ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம்: “இந்தக் கோயில் முதலாம் ராஜராஜன் காலத்தில் கட்டியது.”

ஏன் என்று கேட்டால், “அவன் கல்வெட்டு அடித்தளத்தில் இருக்கிறதே” என்கிறார் ஒருவர். போய்ப் பார்த்தால் கல்வெட்டே இல்லை. ஏது அந்த இடத்தில் இல்லவே இல்லை, இது அசித்தம். இன்னொருவர், “கருங்கல்லால் கட்டியிருக்கிறார்களே” என்கிறார். கருங்கல் இருப்பது உண்மை. ஆனால் ராஜராஜனுக்கு முன்னும் கல்லில் கட்டினார்கள், நாயக்கர் காலத்திலும் கட்டினார்கள். ஏது முடிவு உள்ள இடத்திலும் இருக்கிறது, இல்லாத இடத்திலும் இருக்கிறது, இது அநைகாந்திகம். மூன்றாமவர், “வாசல் கோபுரம் விமானத்தைவிட எவ்வளவு ஓங்கி நிற்கிறது, பாருங்கள்” என்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறை மேல் உள்ள விமானம்தான் ஓங்கி நிற்கிறது, வாசல் கோபுரங்கள் அதற்குத் தாழ்ந்தவை. கோபுரம் விமானத்தை மிஞ்சுவது பின்னால் வந்த போக்கு. அப்படியானால் இவர் சொன்ன ஏது இவருடைய முடிவுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. இது விருத்தம்.

நடைமுறையில் முதலாவதும் மூன்றாவதும் சீக்கிரம் பிடிபடும். ஆளைக் கவிழ்ப்பது நடுவில் உள்ளது. செய்தித்தாளின் தலையங்கம் ஒன்றை எடுத்து, ‘ஏனெனில்’, ‘ஆகவே’ வருகிற இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒவ்வொரு ஏதுவுக்கும், “இது இருந்தும் முடிவு இல்லாத ஓர் இடம் உண்டா?” என்று கேளுங்கள். ஓர் இடம் கிடைத்தாலும் ஏது ஆட்டம் கண்டுவிடும்.

நியாய மரபு இங்கே ஒரு நுட்பத்தைச் சேர்க்கிறது. புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு என்பது சரி. திருப்பிப் போட்டு, நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை என்றால் தவறு. உலையில் பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை வருவதற்கு ஈர விறகு என்ற இன்னொன்று வேண்டியிருக்கிறது. சொல்லாமல் ஒளிந்து நிற்கும் இந்த நிபந்தனைக்குப் பெயர் உபாதி. ஐரோப்பிய லாஜிக் புத்தகங்கள் இதே தவறை வாக்கிய வடிவத்தில் பிடிக்கும்: ‘மேட்டூர் திறந்தால் ஆற்றில் தண்ணீர் வரும்; ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறது; ஆகவே மேட்டூர் திறந்திருக்கிறார்கள்.’ முதல் இரண்டு வரியும் உண்மையாக இருந்து மூன்றாவது பொய்யாகலாம். மழை பெய்திருக்கலாம், பவானியும் அமராவதியும் மேட்டூருக்குக் கீழேதான் காவிரியில் வந்து சேர்கின்றன. வாதம் வடிவத்தில் சரியா என்பது ஒன்று, அதன் வரிகள் உண்மையா என்பது வேறொன்று. இரண்டையும் தனித்தனியே சோதிக்கப் பழகினால் லாஜிக்கின் முதல் பாதி முடிந்துவிட்டது.

அடுத்தது அறிவாராய்ச்சி. எத்தனை வழிகளில் அறிகிறோம் என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் ரொம்பப் பழையது. மணிமேகலையின் 27-வது காதையில் வஞ்சி நகரத்து அளவைவாதி, வேதவியாசர் பத்து என்றும், கிருதகோடி எட்டு என்றும், சைமினி ஆறு என்றும் சொன்னதாகக் கணக்குக் கொடுக்கிறான். பௌத்தர் இரண்டு என்பர்: காண்டல் (நேரே காண்பது), கருதல் (அனுமானம்). சித்தியார் பத்து வரை அடுக்கிவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறது. உலோகாயதருக்கு (பொருள்முதல்வாதிகளுக்கு) ஒன்றே ஒன்று: காண்டல்.

எண்ணிக்கையில் என்ன இருக்கிறது என்று தோன்றும். 27-வது காதையின் கடைசியில் வரும் பூதவாதியை (பூதங்களே எல்லாம் என்பவனை) பாருங்கள். கண்ணால் காண்பதுதான் சான்று, அனுமானமெல்லாம் செல்லாது என்கிறான். மணிமேகலை சிரித்துக்கொண்டு கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எதனால் அறிந்தாய்? வாதத்தைத் தாளில் எழுதினால் இப்படி வரும். ஒன்று: காண்டல் மட்டுமே அறிவு தரும் என்கிறாய். இரண்டு: உன் பெற்றோர் இன்னார் என்று அறிவதாக ஒப்புக்கொள்கிறாய். மூன்று: உன் பிறப்பை நீ காணவில்லை. ஆகவே காண்டல் அல்லாத ஒன்றாலும் நீ அறிகிறாய். இதுவரை வாதம் கெட்டி. ஆனால் அந்த ‘ஒன்று’ அனுமானம்தான் என்பது இந்த மூன்று வரியில் இல்லை. அம்மா சொன்னாள், பாட்டி சொன்னாள், ஊர் சொன்னது என்பதுதானே நடைமுறை? அது கருதலா, உரையா? உரையைத் தனி அளவையாக வைக்கிற சைவர் இந்த இடத்தில் உள்ளே வரலாம். பௌத்தரோ, சொன்னவர் நம்பத்தக்கவர் என்று அனுமானித்துத்தான் ஏற்கிறோம், எனவே அதுவும் கருதலே என்பார். சான்றிதழ், வாட்ஸ்அப் செய்தி, டாக்டர் ரிப்போர்ட் என்று நாம் அறிந்தவற்றில் பெரும்பங்கு பிறர் சொல்லித்தான். அதை எப்போது ஏற்கலாம் என்பது இந்தத் தகராறு தீர்வதைப் பொறுத்தது.

அறிவு என்றால் என்ன என்பதே அடுத்த சிக்கல். நம்புவது உண்மையாகவும், நம்புவதற்குத் தக்க காரணமும் இருந்தால் அதை அறிவு எனலாமே என்று தோன்றும். 1963-ல் அமெரிக்கத் தத்துவவாதி எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கக் கட்டுரையில் இதை உடைத்தார். கடைமடை உதாரணம் ஒன்று: ஜூன் மாதக் கடைசி. வேதாரண்யம் பக்கத்து விவசாயி ஒருவர் விடியற்காலையில் வாய்க்காலில் தண்ணீர் பளபளப்பதைப் பார்த்து, “நம்மூருக்கு ஆற்றுத் தண்ணீர் வந்துவிட்டது” என்று நம்புகிறார். அவர் பார்த்தது ராத்திரி பெய்து தேங்கிய மழைத் தண்ணீர். ஆனால் அவருக்குத் தெரியாமல், அரை கிலோமீட்டர் தள்ளி ஊர் எல்லை மதகை ஆற்றுத் தண்ணீர் அதே விடியலில் தாண்டியிருக்கிறது. நம்பிக்கை உண்மை. காரணமும் நியாயமானதுதான். ஆனாலும் அவர் அறிந்தார் என்று சொல்ல நாக்கு எழவில்லை. காரணமும் உண்மையும் ஒன்றையொன்று சந்திக்காமல், தற்செயலாக ஒரே முடிவில் வந்து நிற்கின்றன. 8-ம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தர்மோத்தரர் இதே வகை உதாரணம் தருகிறார்: கானலைத் தண்ணீர் என்று நம்பி ஓடுகிறவனுக்கு அங்கே பாறைக்கு அடியில் உண்மையாகவே தண்ணீர் கிடைக்கிறது. நம்பிக்கை, உண்மை, காரணம் மூன்றோடு நான்காவது நிபந்தனையாக எதைச் சேர்க்கலாம் என்று நீங்களே முயன்று பாருங்கள். ‘காரணத்தில் பொய் கலந்திருக்கக்கூடாது’ என்று முதலில் தோன்றும். அதையும் உடைக்கும் உதாரணம் தேட ஒரு சாயங்காலம் போதும்.

மெட்டாபிசிக்ஸ். திருக்கோடிக்காவல் கேள்விக்குத் திரும்புவோம். ‘ஒரே கோயில்’ என்பதற்கு எது அடிப்படை? பொருள் என்றால், கல் மாறியதும் கோயில் மாறிவிட்டது. வடிவம் என்றாலும் மாறிவிட்டது. இடமும் மூர்த்தியும் விடாத பூசையும்தான் என்றால் அதே கோயில். ஆனால் பூசை நூறு ஆண்டு நின்றுபோய் மறுபடி தொடங்கினால்? திருவாரூர் ஆழித்தேர் 1920-களில் தீக்கிரையாகிப் புதிதாகச் செய்யப்பட்டது. படிப்படியாகப் பலகை மாறியதல்ல, ஒரேயடியாகப் போய் வந்தது. ஊர் அதை ஆழித்தேர் என்றுதான் இன்றும் இழுக்கிறது. படிப்படியான மாற்றத்தை ஏற்று ஒரேயடியான மாற்றத்தை மறுப்பவர் அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

இது வெறும் மூளைப் பயிற்சி என்று நினைத்தால் பத்தூர் நடராஜர் வழக்கைப் படியுங்கள். திருவாரூர்ப் பக்கத்துப் பத்தூரில் 1976-ல் மண்ணிலிருந்து கிடைத்த செப்புத் திருமேனி கைமாறிக் கைமாறி லண்டன் போனது. நல்லெண்ணத்தோடு வாங்கியதாகச் சொன்ன கம்பெனி ஒருபுறம். மறுபுறம் யார்? பூசையின்றி இடிந்து கிடந்த சோழர் காலக் கோயில். இடிபாடு வழக்காடுமா? நம் சட்டத்தில் கோயில் சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் தக்க ஒரு சட்ட நபர். அதை ஏற்று, கோயில் தன் பிரதிநிதி மூலம் வழக்காடலாம் என்று இங்கிலாந்து நீதிமன்றம் முடிவு செய்தது. 1991-ல் நடராஜர் திரும்பினார். நபர் என்றால் என்ன, ஒரு பொருள் எப்போது இல்லாமல் போகிறது என்ற இரண்டு மெட்டாபிசிக்ஸ் கேள்விகளின் மேல் அந்தத் தீர்ப்பு நின்றது.

மனம் பற்றிய ஆராய்ச்சி இன்று தனிக் கிளையாகவே வளர்ந்துவிட்டது. அதே பூதவாதி, பூவும் வெல்லக்கட்டியும் மற்றவையும் கூடும்போது கள்ளில் வெறி பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறான். கூறுகளில் தனித்தனியே இல்லாத ஒன்று கூட்டில் தோன்றுமா என்பதுதான் மூளை விஞ்ஞானத்தைச் சுற்றி இன்றும் நடக்கும் சண்டை. எதிர்ப்பக்கத்தில் பிரெஞ்சுத் தத்துவவாதி தேகார்த் 1641-ல் மனம் வேறு, உடல் வேறு என்று கோடு கிழித்தார். இங்கே ஒரு பொறி இருக்கிறது, தமிழ் வாசகர்கள் அடிக்கடி விழுவது: சைவ சித்தாந்தமும் அதையேதான் சொல்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். இல்லை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் எல்லாம் சித்தாந்தத்தில் மாயையிலிருந்து வந்த சடப்பொருள்கள். ஆன்மா அவற்றைக் கருவியாகக் கொண்டு அறிகிறது. தேகார்த்தின் கோடு மனத்துக்கும் உடலுக்கும் நடுவே போகிறது. சித்தாந்தத்தின் கோடு மனத்துக்கும் ஆன்மாவுக்கும் நடுவே போகிறது. யோசனைகளை ஓடவிடுவது மனம் என்ற சடக்கருவியின் வேலை என்றால், யோசிப்பதுபோல் நடக்கும் இயந்திரம் சித்தாந்திக்கு அவ்வளவு அதிர்ச்சி தராது. தேகார்த்துக்குத்தான் தலைவலி.

அறவியலுக்குத் திருவாரூரைவிட நல்ல இடம் இல்லை. மனுநீதிச் சோழன் கதையைக் கன்று, பசு, மணி, மகன் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் காது பழகிவிட்டது. சேக்கிழார் சொல்லும் வாதம் காதில் விழுவதில்லை. அமைச்சர்கள் சொல்வது சாதாரண யோசனை அல்ல. பசுக்கொலைக்கு மறையோர் விதித்த கழுவாய் (பரிகாரம்) உண்டு, அதைச் செய்யலாம் என்கிறார்கள். அரசனின் பதில்: வேறொருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்வேன், என் மகன் கொன்றால் கழுவாய்க்கு இசைவேன், அப்படியானால் நீதியே துடைத்தெறியப்பட்டது என்று உலகம் சொல்லாதா? ஆளுக்கொரு விதி வைத்தால் அது விதியே அல்ல என்ற இந்தக் காரணம், 1785-ல் ஜெர்மன் தத்துவவாதி காண்ட் முன்வைத்த சோதனைக்கு, அதாவது உன் விதியை எல்லோருக்குமான விதியாக விரும்ப முடியுமா என்பதற்கு, ரொம்பப் பக்கத்தில் நிற்கிறது.

அதற்காக அரசன் பக்கம் முடிந்துபோய்விடவில்லை. விளைவை வைத்து எடைபோடும் ஆங்கிலத் தத்துவவாதி பெந்தாம் கேட்பார்: மகனைக் கொன்றதால் கன்று எழுந்ததா, பசுவின் துயரம் குறைந்ததா? துயரக் கணக்கில் இன்னொரு சாவுதான் கூடியது. (எழுந்தது என்று புராணம் சொல்லும், ஆனால் அரசன் முடிவெடுத்தபோது அது அவனுக்குத் தெரியாது. முடிவை எடுத்த நேரத்து அறிவை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பதும் அறவியலில் ஒரு கட்சி.) கன்றின் வலியைக் கணக்கிலிருந்து தள்ளிவிடாததில் மட்டும் பெந்தாம் அரசனோடு சேர்வார், விலங்கு பேசுமா, சிந்திக்குமா என்பதல்ல, வலி உணருமா என்பதுதான் கேள்வி என்று 1789-ல் எழுதியவர் அவர். அரிஸ்டாட்டில் வழி வருபவர் விதியையும் விளைவையும் விட்டுவிட்டு, நல்ல அரசன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று கேட்பார். இந்த மூவருக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: கன்று தானாகத் துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்தது, மகன் வேண்டுமென்று செய்யவில்லை. ‘கொன்றவன்’ என்ற சொல் அவனுக்குப் பொருந்துமா? அரசனின் ஒப்புமையே இங்கேதான் ஆட்டம் காண்கிறது என்பது என் கருத்து.

அரசியல் தத்துவத்தைக் காவிரித் தண்ணீரை வைத்தே படித்துவிடலாம். 2007-ல் நடுவர் மன்றம் 740 டி.எம்.சி.யில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு 14.75 கூட்டி, தமிழ்நாட்டை 404.25 ஆக்கியது. அந்த 14.75-க்குச் சொன்ன காரணங்கள்தான் நமக்கு வேண்டியவை. 4.75 பெங்களூரு குடிநீருக்காக. இது தேவை என்ற அளவுகோல். 10 டி.எம்.சி. தமிழ்நாட்டின் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்ததால். இது இருப்பவர் இல்லாதவர் நிலையைச் சமன்செய்யும் அளவுகோல். டெல்டா வழக்கமாகப் பேசுவது மூன்றாவதை, வரலாற்று உரிமையை: கல்லணைக் காலத்திலிருந்து பாசனம் செய்கிறோம், 1892, 1924 ஒப்பந்தங்கள் இருக்கின்றன என்பது. மழை பெய்யும் நிலம் எங்களுடையது என்பது நான்காவது. அமெரிக்கத் தத்துவவாதிகளில் ராபர்ட் நோசிக் 1974-ல், எப்படிக் கைக்கு வந்தது என்பதைப் பார் என்றார். ஜான் ரால்ஸ் 1971-ல், நீ எந்தப் பக்கத்தில் பிறப்பாய் என்று தெரியாமல் விதி எழுது என்றார். மேல்மடையா கடைமடையா என்று தெரியாமல் பங்கீட்டு விதி எழுதப் பாருங்கள். எழுதியதை ஊர்க்குள் முறை வைத்துத் தண்ணீர் விடுவதற்கும் பொருத்திப் பாருங்கள். மாநிலங்களுக்கு நடுவே வரலாற்று உரிமையும், ஊருக்குள் தேவையும் பேசினால் ஏன் என்று விளக்க வேண்டிவரும்.

அழகியலில் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன்: திருவையாற்றில் கேட்ட ஒரு தோடி ராகத்தை ‘நன்றாக இருந்தது’ என்னும்போது மற்றவரும் ஒப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம், ஆனால் நிரூபிக்க முடியாது என்றும் தெரிகிறது. இந்த இரண்டையும் சேர்த்து விளக்குவது 1790-ல் காண்ட் எடுத்துக்கொண்ட வேலை. நம் பக்கம் தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளிலிருந்து (உணர்ச்சி வெளிப்பாடுகள்) தொடங்கலாம்.

இனி படிக்கும் முறை. முதல் நூலாக மெய்கண்டாரின் சிவஞான போதத்தைச் சொல்வேன். நீங்கள் சைவராக இருக்க வேண்டும் என்பதற்காக அல்ல, அதன் அமைப்புக்காக. பன்னிரண்டே சூத்திரம். மெய்கண்டாரே ஒவ்வொன்றையும் மேற்கோள் (அதாவது பக்கம்), ஏது, எடுத்துக்காட்டு என்று பிரித்து வைத்திருக்கிறார். மணிமேகலையில் பார்த்த அதே மூன்று உறுப்புகள். வாதத்தைத் தேடி எடுக்கும் வேலை பாதி குறைகிறது. திருவாவடுதுறை சிவஞான முனிவரின் சிற்றுரையோடு படியுங்கள். அவருடைய பேருரையான மாபாடியத்தை இப்போது தொடாதீர்கள், அது மற்ற எல்லாத் தத்துவ மரபுகளும் தெரிந்தவருக்கு எழுதியது. தருமபுரமும் திருவாவடுதுறையும் உங்களுக்குப் பக்கம். ஆதீனங்கள் நடத்தும் சித்தாந்த வகுப்புகளில் சொற்பொருள் கேட்டுத் தெளியலாம். சொற்பொருளோடு நில்லாமல் ஏதுவையும் கேளுங்கள்.

ஒரு உட்காரலுக்கு ஒரு ஏது போதும். ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் முடிவை மேலே எழுதி, அதற்குக் கீழே காரணங்களை எண் போட்டு, ஒரு வரிக்கு ஒரு கூற்றாக எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கா, க, உ என்று குறியுங்கள்: காண்டலா, கருதலா, உரையா. பிறகு, நூல் சொல்லாமல் விட்ட வரி எது என்று தேடி வேறு மையில் சேருங்கள். வலப்பக்கம் உங்களுக்குப் பிடிக்காத கட்சிக்காரர் எந்த எண்ணை மறுப்பார், எப்படி என்று எழுதுங்கள். ‘எல்லாவற்றையும் மறுப்பார்’ என்று எழுதினால் வேலை நடக்கவில்லை என்று பொருள். ஓர் எண்ணைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். முதல் சூத்திரத்தில் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவது என்பதற்கு வரும்போது, உலகத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் பொருந்துவது உலகம் முழுவதற்கும் பொருந்துமா என்பதை ஒரு தனி வரியாக்கிப் பாருங்கள். அதை ஏற்பதா மறுப்பதா என்பதில்தான் மற்றதெல்லாம் தொங்குகிறது.

வழக்கமாகக் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. சித்தியாரின் பரபக்கத்தில் (பிற சமயங்களை ஆராயும் பகுதி) ஒவ்வொரு சமயத்துக்கும் அவர்கள் மதம் (கொள்கை) முதலிலும் அதற்கு மறுதலை (மறுப்பு) பின்னாலும் வரும். முதல் பகுதியிலிருந்து ஒரு பாட்டை உருவி, ‘அருணந்தியே உலோகாயதம் பேசினார்’ என்று பகிர்ந்துவிடுகிறார்கள். எந்தப் பாட்டையும் எடுக்கும்முன் தலைப்பில் ‘மதம்’ என்று இருக்கிறதா, ‘மறுதலை’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, முடிவு பிடித்திருப்பதால் வாதத்தையும் ஏற்பது. நல்ல முடிவுக்கு ஓட்டை வாதங்கள் நிறைய உண்டு. ஓட்டையைக் காட்டுவது முடிவை மறுப்பதாகாது. மூன்றாவது, எல்லாரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள் என்று முதல் வாரத்திலேயே முடித்துவிடுவது. மேலே மனம் பற்றிப் பார்த்தோமே, அந்த மாதிரி கோடு எங்கே விழுகிறது என்று சரிபார்க்காமல் யாரையும் யாரோடும் சேர்க்க வேண்டாம்.

போதத்தின் முதல் மூன்று சூத்திரங்கள் முடிந்ததும் தேகார்த்தின் தியானங்களுக்குப் போங்கள். ஆறு தியானங்கள், முதல் இரண்டு சின்னவை, பாடநூல் உதவி இல்லாமலே புரியும். மூன்றாவதில் கடவுள் உண்டு என்பதற்கு வாதம் வருகிறது. அதைத் தாளில் பிரித்து, போதத்தின் முதல் சூத்திரத்துக்கு நீங்கள் எழுதிய தாளின் பக்கத்தில் வையுங்கள். மெய்கண்டார் உலகின் தோற்றம், ஒடுக்கத்திலிருந்து தொடங்குகிறார். தேகார்த் உலகம் உண்டா என்பதையே ஐயத்தில் நிறுத்திவிட்டு, தன் மனத்தில் இருக்கும் எல்லையற்ற ஒன்றின் கருத்திலிருந்து தொடங்குகிறார். இரண்டு தாளிலும் முதல் எண் வரிக்கு நீங்கள் போட்டிருக்கும் கா, க, உ குறி ஒன்றா வேறா என்று பாருங்கள்.